நெடுவாசலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது முதலில் நான் மறுத்துவிட்டேன். "கவிதை, துணுக்கு, ஹாஸ்டல் நினைவுகள் எல்லாம் வந்துடுச்சு மச்சான். நீ உன் வேலையைப் பத்தி எழுது. ஆனா புரியற மாதிரி எழுது" என்றான் நண்பன். அந்தக் கடைசி நிபந்தனைதான் கஷ்டம். என் வேலையைப் பற்றி ஆழமான ஒரு கேள்வியை என் சொந்தக்காரர்களில் ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார். அன்று நான் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். அந்தப் பதிலை இப்போது எழுதிப் பார்க்கிறேன். நடுவில் கொஞ்சம் சரித்திரம் வரும், கொஞ்சம் தெர்மோவும் வரும். தெர்மோ என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எழுதுகிறவன் அந்தப் பேப்பரில் அரியர் வைத்து இரண்டாம் முறை பாஸ் செய்தவன்தான்!

நம் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் குஜராத் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். பூமிக்குள் கிடக்கும் கச்சா எண்ணெயும் வாயுவும் அங்கே உள்ள அழுத்தத்திலும் சூட்டிலும் எப்படி நடந்துகொள்கின்றன என்று அளப்பது அங்கே வேலை. பிரஷர், வால்யூம், டெம்பரேச்சர் என்ற மூன்றையும் சேர்த்து பி.வி.டி. என்பார்கள். ஸ்டீம் டேபிளைத் தூக்கிக்கொண்டு பரீட்சை ஹாலுக்குப் போனோமே, கிட்டத்தட்ட அதே சமாசாரம். தண்ணீருக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான்.

எண்ணெய் பூமிக்குள் ஏரி மாதிரி தளும்பிக்கொண்டு கிடக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது மணற்பாறையின் பொடித் துளைகளுக்குள் ஊறிக் கிடக்கிறது. ஒரு செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கையில் ஈரம் தெரியும், ஆனால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. அது மாதிரி. இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தால், மேலே நிற்கும் நீரின் எடையால் சாதாரணமாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவுக்கு அழுத்தம் இருக்கும். நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 3 டிகிரி வீதம் சூடும் ஏறி, அங்கே 90 டிகிரி வந்துவிடும். அந்த அழுத்தத்தில் வாயு தனியாக நிற்காது, எண்ணெய்க்குள்ளேயே கரைந்துவிடும். நம்ம ஊர் கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பாட்டிலுக்குள் வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரியும். கட்டைவிரலால் தட்டி உள்ளே இறக்கியதும் புஸ்ஸென்று நுரை!

எந்த அழுத்தத்துக்கு இறங்கும்போது முதல் குமிழி பிறக்கிறது என்பதுதான் எங்கள் தொழிலின் தலையாய எண். பபிள் பாயின்ட் என்பார்கள், குமிழ் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் இரும்புக் குழாயைக் கம்பியில் கட்டிக் கிணற்றின் அடிவரை இறக்கி, அங்கேயே வால்வை மூடி, அழுத்தம் குறையாமல் மாதிரியை மேலே எடுத்து வருவார்கள். ஆய்வுக்கூடத்தில் அதைப் பழைய சூட்டுக்கே சுடவைத்து, ஒரு தடித்த எஃகு அறைக்குள் விட்டு, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து ஒவ்வொரு படியிலும் கன அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிராஃபில் போட்டால் முதலில் ஒரு கோடு வரும், பிறகு சட்டென்று திரும்பி வேறொரு சாய்வில் போகும். அந்தத் திருப்பம்தான் குமிழ் அழுத்தம். சில கருவிகளில் கண்ணாடிச் சன்னல் உண்டு. அதன் வழியாக முதல் குமிழியை நான் முதன்முதலாகப் பார்த்தது ஓர் இரவு ஷிப்டில். கடுகில் பாதிகூட இருக்காது. யுகம் யுகமாய்க் கரைந்து கிடந்த வாயு என் கண் முன்னால் பிரிகிறது என்று தோன்றியதும், தெர்மோ சாருக்குப் போன் பண்ணலாமா என்று நினைத்தேன். மணி பார்த்தால் இரண்டரை. விட்டுவிட்டேன்.

இந்த எண் ஏன் முக்கியம் என்று உலகம் பாடம் படித்தது அமெரிக்காவில். 1901 ஜனவரி 10-ந் தேதி டெக்ஸாஸில் ஸ்பிண்டில்டாப் என்ற குன்றில் எண்ணெய் பீறிட்டது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பீப்பாய் என்று மதிப்பிட்டார்கள். அதை மூடவே ஒன்பது நாள் ஆயிற்று. உடனே ஊரே திரண்டு வந்து அந்தக் குன்றைச் சல்லடையாகத் துளைத்தது. 1904-க்குள் வயல் முழுவதும் சேர்ந்து நாளுக்குப் பத்தாயிரம் பீப்பாய்க்கு இறங்கிவிட்டது. எண்ணெயெல்லாம் தீர்ந்துபோயா? இல்லை. எண்ணெயை மேலே தள்ளுவது அதற்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம்தான். அதைக் காற்றில் விட்டுவிட்டால் எண்ணெய் அங்கேயே உட்கார்ந்துவிடும். குமிழ் அழுத்தத்துக்குக் கீழே போனதும் பாறைத் துளைகளுக்குள்ளேயே வாயு பிரிகிறது, அது எண்ணெயை முந்திக்கொண்டு ஓடுகிறது, வாயு இழந்த எண்ணெய் கெட்டியாகிறது. கரைந்த வாயு ஒன்றையே நம்பியிருக்கும் தேக்கத்தில் நூற்றுக்கு 5 முதல் 30 பங்குதான் மேலே வரும், மிச்சம் உள்ளேயே தங்கிவிடும்.

அதற்கப்புறம்தான் அளக்க ஆரம்பித்தார்கள். கலிஃபோர்னியாவில் சேஜ், லேசி என்ற இருவர் 1930-களில் வருஷக்கணக்காக எண்ணெயையும் வாயுவையும் அழுத்திச் சுடவைத்து அட்டவணை போட்டார்கள். 1942-ல் ஸ்டாண்டிங், காட்ஸ் இருவரும் இயற்கை வாயுவுக்கு ஒரு வரைபடம் தந்தார்கள். இன்றும் அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதே ஸ்டாண்டிங் 1947-ல் கலிஃபோர்னியாவின் 22 எண்ணெய்-வாயுக் கலவைகளிலிருந்து 105 அளவுகளை வைத்துக்கொண்டு, மாதிரி இல்லாமலே குமிழ் அழுத்தத்தை மதிப்பிட ஒரு சூத்திரம் போட்டார். 105 புள்ளிகள்தான்! அதை உலகமே எடுத்துக்கொண்டது. இங்கே மாதிரி கிடைக்காத கிணறுகளுக்கு நானும் அதில் எண்களைப் போட்டிருக்கிறேன். 1976-ல் கனடாவில் பெங், ராபின்சன் என்ற இருவர் வான் டெர் வால்ஸின் 1873-ம் வருஷத்துச் சமன்பாட்டுக்கு மெருகேற்றினார்கள். கம்ப்யூட்டரில் இன்று ஓடுவது பெரும்பாலும் அந்த வம்சம்தான்.

நம் நாட்டில் எண்ணெய் இயற்கை எரிவாயுக் கமிஷன் 1956-ல் தொடங்கியது. தேக்கங்களைப் படிப்பதற்கென்றே 1978-ல் அகமதாபாத்தில் தனி நிறுவனம் வைத்தார்கள். காவிரிப் படுகையில் 1950-களின் கடைசியிலேயே தேட ஆரம்பித்து, முதல் ஆழ்கிணற்றை 1964-ல் காரைக்காலில் தோண்டினார்கள். பிறகு இருபது வருஷப் பொறுமைக்குப் பின், 1980-களில்தான் நரிமணம், கோவில்களப்பால் என்று வரிசையாகக் கிடைத்தன. 1993-ல் நாகப்பட்டினம் அருகே சிறிய சுத்திகரிப்பு ஆலை வந்தது. கோவில்களப்பால் வாயுவில் திருமக்கோட்டையில் மின்சாரம் எடுத்தார்கள், ராமநாதபுரம் வாயுவில் வழுதூரில் எடுத்தார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. இந்தப் படுகையின் பாறை அடுக்குகளுக்கெல்லாம் நம்ம ஊர்ப் பெயர்கள்தான். ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம், குடவாசல், கமலாபுரம், திருப்பூண்டி! பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுகிற மாதிரி இருக்கும். வெளிநாட்டு நிபுணர்கள் 'ஆண்டிமடம்' என்று சொல்ல நாக்கைச் சுழற்றுவதைப் பார்ப்பது ஒரு தனி சந்தோஷம்.

இனி நம்ம மாவட்டம். மேற்கே சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை எல்லாம் பழைய கெட்டிப் பாறை. அங்கே எண்ணெய் தேட முடியாது. சமணர் படுக்கைதான் வெட்டலாம். கிழக்கே ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கி பக்கம் போகப்போகப் படிவுப் பாறை வந்துவிடும். சுமார் 15 கோடி வருஷத்துக்கு முன் பழைய கோண்டுவானா கண்டம் பிளக்க ஆரம்பித்தபோது உண்டான பள்ளத்தில் சேர்ந்த மணலும் களியும் அது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு பூமி. பூ, வாழை, தென்னை, பலா, நல்ல போர்த் தண்ணீர் எல்லாம் அந்தக் கிழக்குப் பக்கத்துச் செல்வம். எண்ணெய் இருந்தால் அதுவும் அங்கேதான். நெடுவாசல் இருப்பதும் அங்கேதான்.

2017 பிப்ரவரி 15-ந் தேதி மத்திய அமைச்சரவைக் குழு, ஏற்கெனவே கண்டுபிடித்துச் சிறியது என்று விட்டுவைத்த எண்ணெய் வயல்களை 31 ஒப்பந்தப் பகுதிகளாக ஏலதாரர்களுக்குக் கொடுக்க ஒப்புதல் தந்தது. நெடுவாசல் அதில் ஒன்று, பத்து சதுர கிலோமீட்டர். கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனிக்குக் கிடைத்தது. மறுநாளே ஊர் திரண்டது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்தச் சூடும் சேர்ந்துகொண்டது. நாடியம்மன் கோவில் திடலில் பந்தல் போட்டார்கள். மார்ச் 9-ல் நிறுத்தினார்கள், மறுபடி ஏப்ரல் 12-ல் தொடங்கி மாசக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அது புதுப் பயம் அல்ல. 2010-ல் மன்னார்குடிப் பக்கம் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டபோது ஆரம்பித்தது. நம்மாழ்வார் ஐயா அதை எதிர்த்து ஊர் ஊராக நடந்து, 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில்தான் காலமானார். 2015-ல் மாநில அரசு அதற்குத் தடை போட்டது. 2016-ல் மத்திய அரசு புதுக் கொள்கை கொண்டுவந்தது: கச்சா எண்ணெய், வாயு, நிலக்கரி மீத்தேன், ஷேல் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம். அந்த உரிமத்தின் பெயரிலிருந்துதான் 'ஹைட்ரோகார்பன்' என்ற வார்த்தை டீக்கடைக்கு வந்தது.

"இது மீத்தேன் திட்டம் அல்ல" என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். எங்கள் தொழில்காரர்களும் அதையே சொன்னார்கள். பாதி சரி. நிலக்கரிப் படுகையில் மீத்தேன் எடுக்க முதலில் நிலத்தடி நீரை இறைத்துக் கொட்ட வேண்டும், மணற்பாறை எண்ணெய்க்கு அது வேண்டாம். ஆனால் கச்சா எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுவில் பெரும்பங்கு எது? மீத்தேன்தான்! ஆகவே "மீத்தேன் இல்லை" என்றால் கெமிஸ்ட்ரிப்படி பொய், "மீத்தேன் திட்டம்" என்றால் தொழில்முறைப்படி தப்பு. இந்த வித்தியாசத்தை ஒரு கோலி சோடா பாட்டிலை வைத்து அந்தப் பந்தலில் யாராவது ஐந்து நிமிஷம் சொல்லியிருக்கலாம். யாராவது என்ன, நான் சொல்லியிருக்கலாம்.

ஏனென்றால் நான் அங்கே இருந்தேன். மாசி மாசம், லீவில் வந்திருந்தேன். என் பெரியம்மா வீடு வடகாட்டுக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் ஒரு ஊர். மல்லியும் சம்பங்கியும் போட்டிருக்கிறார், விடியற்காலையில் பறித்துக் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புவார். அவரைக் கூட்டிக்கொண்டு பந்தலுக்குப் போனேன். யாரோ, "நம்ம பூக்காரம்மா மகன் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினீயருங்க, ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார்கள். "கம்பெனி ரூல்ஸ்ங்க, பேசக்கூடாது" என்றேன். அது உண்மையும்கூட. ஆனால் பயம்தான் முதல் காரணம். எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு பக்கத்துக்குத் துரோகி.

திரும்பி வரும்போது பெரியம்மா கேட்டார்: "ஏந் தம்பி, கீழ இருக்கறது எண்ணெய்யா, மீத்தேனா?"

சோடா கதையைச் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்துவிட்டு, "அப்ப எல்லாத்தையும் எடுத்த பொறகு அந்த எடத்துல என்னப்பா இருக்கும்? வெறும் எடமாவா கெடக்கும்?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது பெரியம்மா" என்றேன் நான்.

படித்தவன் சொல்லக்கூடாத பதில் அது. ஏனென்றால் பெரியம்மா கேட்டது எங்கள் துறையின் மூலக் கேள்வி. 1936-ல் ஷில்துய்ஸ் என்ற அமெரிக்க இன்ஜினீயர் இதையேதான் சமன்பாடாக எழுதினார். மெட்டீரியல் பேலன்ஸ் என்பார்கள். வெளியே எடுத்த எண்ணெய், வாயு, தண்ணீர் எல்லாவற்றையும் உள்ளே இருந்தபோது இருந்த கன அளவுக்கு மாற்றிக்கொள். அவ்வளவு இடத்தையும் ஏதோ ஒன்று நிரப்பியிருக்க வேண்டும். எது? மிச்சமிருக்கும் எண்ணெயும் வாயுவும் அழுத்தம் குறைந்து விரிகின்றன. பக்கத்தில் ஊறிக் கிடக்கும் ஆழத்து உப்புநீர் நகர்ந்து வருகிறது. பாறையே ஒரு துளி அமுங்குகிறது. எது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க ஒவ்வொரு வரியிலும் பி.வி.டி. எண் வேண்டும். பூமிக்குள் ஒன்றேகால், ஒன்றரைப் பீப்பாயாக இருக்கும் எண்ணெய், வாயு பிரிந்து மேலே வரும்போது ஒரு பீப்பாயாகச் சுருங்கிவிடும் என்பது தெரியாமல் அந்தக் கணக்கைத் தொடவே முடியாது.

வெறும் இடம் கிடக்காது பெரியம்மா, என்றுதான் நான் ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் "ஒண்ணும் ஆகாது" என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. கலிஃபோர்னியாவில் லாங் பீச் அருகே வில்மிங்டன் வயலில் மணல் இறுகாத மணல். எண்ணெய் எடுக்க எடுக்கத் துறைமுகமே சுமார் 9 மீட்டர் வரை தாழ்ந்தது. கடல்நீரை உள்ளே செலுத்தித்தான் நிறுத்தினார்கள். நார்வேயின் எகோஃபிஸ்க்கில் கடலடித் தரை இறங்கி, 1987-ல் மேடைகளை 6 மீட்டர் தூக்கி வைத்தார்கள். நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் வாயு எடுத்ததால் நிலநடுக்கம் வந்து, 2012-ல் 3.6 அளவுக்கு ஆடி வீடுகள் விரிசல் விட்டு, 2023 அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். இவை எல்லாம் ராட்சத வயல்கள். பத்து சதுர கிலோமீட்டர் நெடுவாசலை அவற்றோடு ஒப்பிட்டுப் பயமுறுத்துவது நியாயமில்லை. இறுகிய மணற்பாறை கொஞ்சம்தான் அமுங்கும். ஆனால் இதை எண்ணோடு சொல்லணும். அதுதான் வித்தியாசம்.

அந்த எண் இருந்திருக்கும் இடம் எனக்குத் தெரியும். 'கண்டுபிடிக்கப்பட்ட வயல்' என்றாலே ஏற்கெனவே கிணறு தோண்டிச் சோதித்தாகிவிட்டது என்று அர்த்தம். ஏலம் கேட்பவர்கள் பார்க்க நொய்டாவில் தகவல் அறை திறந்து வைத்தார்கள். கம்பெனிக்காரர் பார்க்கலாம். கிணறு இருக்கும் ஊர்க்காரர் பார்க்க, அவர் பாஷையில் நாலு பக்கம் எழுதி ஊராட்சி போர்டில் ஒட்டியதாக நான் பார்க்கவில்லை. "ஜனங்களுக்கு அறியாமை, யாரோ தூண்டிவிடுகிறார்கள்" என்று எங்கள் கேன்டீனில் பேசிக்கொண்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. எண் தெரிந்திருந்தால் ஊர் சம்மதித்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தெரிந்தபிறகும் வேண்டாம் என்றிருக்கலாம், அது அவர்கள் நிலம். ஆனால் அந்த வேண்டாமும் சரி, எங்கள் வேண்டும் என்பதும் சரி, ஒரே தாளைப் பார்த்துச் சொன்னதாக இருந்திருக்கும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நெடுவாசலில் புதுக் கம்பெனி வேலை தொடங்கவே இல்லை. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சை, திருவாரூர், நாகையோடு நம் மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் அதில் சேர்ந்தன. புதிதாக எண்ணெய், வாயு எடுக்க அங்கே இடமில்லை, முன்பே நடந்துவந்தவற்றைச் சட்டம் தொடவில்லை. 2021 ஜூனில் நம் மாவட்டத்து வடத்தெரு பெயர் அடுத்த ஏலத்தில் வந்தபோது, சில நாட்களுக்குள் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நடுவில் 2018 நவம்பரில் கஜா புயல் வந்து, எந்தக் கம்பெனியும் தொடாத தென்னைகளை ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டுப் போனது. பெரியம்மா தோப்பில் பாதிக்கு மேல் போயிற்று.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, திண்ணையில் உட்காரவைத்து அந்தப் பழைய கேள்விக்குப் பதில் சொன்னேன். செங்கல், சோடா, உப்புநீர் எல்லாம் வந்தது. பூத் தொடுத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் தலையை நிமிர்த்தி, "சரி, அந்த உப்புத் தண்ணி நம்ம போர்த் தண்ணியோட கலக்காதா?" என்றார்.

அது ரொம்பக் கீழே இருக்கு, நடுவில் களிப்பாறை இருக்கு, கிணற்றுக் குழாயைச் சுற்றி சிமென்ட் விட்டிருப்பாங்க, அதுதான் தடுக்கணும் என்றேன்.

"அந்தப் பழைய கெணத்துல எல்லாம் சிமென்ட் இப்ப எப்படி இருக்குன்னு யாராச்சும் பாத்தாங்களா?"

இதற்கு பி.வி.டி.யில் பதில் கிடையாது, நம்ம சிவில்காரர்களின் கான்க்ரீட் நோட்டிலும் கிடையாது. ஆழ்கிணற்று சிமென்ட் தனி வித்தை. நம்ம பேட்ச்சில் இருவர் துளையிடும் பிரிவுக்குப் போனதாகக் கேள்வி. ரீயூனியனுக்கு வந்தால் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள். பெரியம்மாவிடம் சித்திரைக்குள் வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.